மறுமுறை எடுக்க முடியாத படம்

சினிமாவில் ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் இயக்குநர் "ஒன் மோர்" என்பார். கல்யாண மண்டபத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. புரோகிதர் கையை உயர்த்திக் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டினால், மூன்றாம் முடிச்சு விழும்வரை ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் முன்வரிசை முழுக்க எழுந்துவிடும். அட்சதை பறக்கும். செல்போன்கள் தலைக்கு மேல் உயரும். மணப்பெண்ணுக்குப் பின்னால் விளக்கோடு நிற்கும் அத்தை சரியாக லென்ஸுக்கு முன்னால் குனிவார். இத்தனைக்கும் நடுவே அந்த முடிச்சு பதிவாகியிருக்க வேண்டும், சத்தம் கிழியாமல், முகத்தில் ஃபோகஸ் தவறாமல்.

கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அத்தியாயம் இது. ஆனால் கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, இதே தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டதும் அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததும்தான். எந்த கேமரா என்னவெல்லாம் செய்யும் என்று விளம்பரக் கையேடு சொல்லிவிடும். மே மாத முகூர்த்தத்தில் ஹோமகுண்டத்துக்கு ஆறடி தள்ளி மூன்று மணி நேரம் நின்றால் அது என்ன செய்யாது என்பதைச் சக தொழிலாளிதான் சொல்வார். அதனால் கருவியையும் ஆளையும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரிக்காமலே எழுதுகிறேன்.

எங்கே நிற்பது

கேமராவுக்கு முன்னால் கற்க வேண்டியது நிற்கும் இடம். அது வீட்டுக்கு வீடு மாறும். ஐயர், ஐயங்கார் கல்யாணங்களில் மணப்பெண் தந்தையின் மடியில் அமர்ந்திருக்கும்போது மாங்கல்யதாரணம் நடக்கும். மனையில் உட்காரும் உயரத்துக்கு டிரைபாடைப் பூட்டி வைத்திருந்தால், அந்த நேரத்தில் பெண்ணின் தலை ஃபிரேமின் மேல் விளிம்பில் இடிக்கும். முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை அவருடைய சகோதரியும் போடும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. முதல் முடிச்சு விழுந்தவுடன் மாப்பிள்ளையின் சிரிப்பைத் தேடி கேமராவைத் திருப்பினால் நாத்தனாரின் கை படத்தில் இருக்காது. வீடியோ வீட்டுக்குப் போனதும் அதை முதலில் தேடப்போகிறவர் அவர்தான்.

கொங்கு வேளாளர் வீட்டில் சடங்குகளை அருமைக்காரர் நடத்துவார். மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய இணைச்சீர் அங்கே தாலி கட்டுக்கு ஏறக்குறைய இணையான மதிப்புள்ள நிகழ்ச்சி. நகரத்தார் வீட்டில் தாலி கட்டும் சடங்குக்குத் திருப்பூட்டு என்று பெயர். கத்தோலிக்கத் திருமணத்தில் பீடத்துப் பக்கம் கேமரா வரக்கூடாது என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டால் அதுதான் எல்லை. நீளமான லென்ஸும் சத்தம் போடாத டிரைபாட் தலையும் தேவைப்படுவது அங்கேதான். நிக்காஹ்வில் மாப்பிள்ளை ஒரு பக்கமும் மணப்பெண் பெண்கள் பகுதியிலும் இருப்பார்கள். பெண்கள் பகுதியில் பெண் வீடியோகிராபர்தான் வேண்டும் என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. நியாயமான கோரிக்கை அது. அப்படி ஒருவரோடு நிரந்தரமாகச் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு ஒவ்வொரு ஸ்டுடியோவுக்கும் தேவை. "கேமராவைக் கொடுத்தால் என் தங்கை எடுத்துவிடுவாள்" என்பது அதற்குப் பதிலாகாது.

இதையெல்லாம் ஒருவரே அனுபவத்தில் கற்று முடிக்க ஆண்டுகள் பிடிக்கும். ஏற்கெனவே எடுத்தவரிடம் கேட்டால் பத்து நிமிடம். ஈரோட்டுப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டது:

"ஏனுங்ணா, வெள்ளிக்கிழமை கொங்கு ஊட்டுக் கல்யாணம் ஒண்ணு புடிச்சிருக்கேன். இணைச்சீருக்கு எந்தப் பக்கம் நிக்கோணும்?"

"மொதல் நாள் சாயங்காலமே அருமைக்காரருகிட்டப் போய் ஒரு வணக்கம் சொல்லிப்போடு கண்ணு. அடுத்து என்ன சீருன்னு அவரே சொல்லிட்டு வருவாரு. அவருக்கும் சீர் செய்யறவங்களுக்கும் நடுவுல மட்டும் பூந்துறாத."

இந்தப் பதிலில் லென்ஸ் இல்லை, ஐஎஸ்ஓ இல்லை. ஆனால் அன்றைய பதிவு நன்றாக வருவதற்கு இதைவிடப் பெரிய குறிப்பு கிடையாது. புரோகிதர், நாதஸ்வர வித்வான், மைக்செட்காரர், மேடை விளக்குப் போடுபவர் ஆகியோரும் உங்கள் சக தொழிலாளிகள்தான். கெட்டிமேளச் சைகையை யார் கொடுப்பார், எப்படிக் கொடுப்பார் என்று முன்னதாகவே கேட்டுவைத்தால், அந்தக் கை உயரும்போது உங்கள் கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

சத்தம்

புதிதாக வருபவர்கள் பணத்தையெல்லாம் லென்ஸில் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் கேமராவின் சொந்த மைக்கை நம்புகிறார்கள். என் கணிப்பில் கல்யாண வீடியோக்களில் நிகழும் இழப்பில் பாதிக்கு மேல் இங்கேதான். நாதஸ்வரமும் தவிலும் திறந்த கோயில் வெளிக்காக வளர்ந்த இசை. அது நான்கு சுவருக்குள், உங்கள் காதுக்கு அருகில் முழங்குகிறது. கேமராவைத் தானியங்கி லெவலில் விட்டால் தவில் அடி விழும்போதெல்லாம் அது சத்தத்தைக் கீழே அமுக்கும். அடி நின்றதும் மந்திரம் மெல்ல மேலேறும். மூச்சு வாங்குவது போன்ற அந்த ஏற்ற இறக்கத்தை எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்ய வழியில்லை.

லெவலைக் கையால் வையுங்கள். காலையில் மேளம் தொடங்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் இருக்கட்டும். அதே ஒலியை மைனஸ் 20 அளவில் இன்னொரு தடத்தில் பதிவு செய்யும் வசதி இருந்தால் தவறாமல் பயன்படுத்துங்கள். கெட்டிமேளத்தின்போது வாசிப்பு காலையில் கேட்டதைவிடக் கணிசமாக உயரும்; அப்போது காப்பாற்றுவது அந்த இரண்டாவது தடம்தான். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் இப்போது கையடக்க அளவில் கிடைக்கின்றன. லெவல் தவறினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் மைக்கின் தாங்குதிறனையே தாண்டிய சத்தத்தை எந்த ரெக்கார்டராலும் மீட்க முடியாது. மேளக்காரருக்கு எதிரே இரண்டடியில் மைக்கை நிறுத்திவிட்டு 32 பிட்டை நம்பக் கூடாது.

காலர் மைக்கை யார்மேல் மாட்டுவது? மாப்பிள்ளை பல கல்யாணங்களில் வெற்று மார்போடு அங்கவஸ்திரம் போட்டிருப்பார். அது நொடிக்கு நொடி நழுவும். மணப்பெண்ணின் மாலை மைக்கை உரசிக்கொண்டே இருக்கும். புரோகிதரிடம் அனுமதி கேட்டு அவர் மேல்துண்டில் மாட்டுவதுதான் சரி. மந்திரமும் தெளிவாக விழும், மணமக்கள் மெல்லச் சொல்வதும் விழும். வயர்லெஸ் மைக்குகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஆயிரம் செல்போன் கூடும் மண்டபத்தில் சிக்னல் அறுபடும். ஆகவே டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் மாதிரியை வாங்குங்கள்.

மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து லைன் எடுப்பது நல்ல வழக்கம், இரண்டு எச்சரிக்கைகளோடு. லைன் சிக்னல் மைக் சிக்னலைவிடப் பல மடங்கு வலுவானது. கேமராவின் மைக் துளையில் நேராகச் செருகினால் லெவலை எவ்வளவு குறைத்தாலும் கிழிந்துதான் வரும். லைன் உள்ளீடு உள்ள ரெக்கார்டரோ, சிக்னலைக் குறைக்கும் கேபிளோ தேவை. இன்னொன்று, மைக் வைக்காத எதுவும் மிக்சரில் இருக்காது. மேளத்துக்கு மைக் இல்லாத மண்டபத்தில் அந்தத் தடத்தில் மந்திரம் மட்டும் கேட்கும், கல்யாணம் கேட்காது.

ரிசப்ஷன் கச்சேரிக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. அதற்குள் ஒலி ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கும். மண்டபத்தின் பின்கோடியில் 28 மீட்டரில் நிற்கும் கேமராவில் பாடகரின் உதடு குரலைவிட இரண்டு ஃபிரேம் முந்தும். எடிட்டர்கள் இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். கேமராவில் நிற்பவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

வெளிச்சம்

நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சம அளவு வெளிச்சம் வாங்கும். 1/60 வைத்தால் படத்தில் பட்டைகள் நகரும். புதிய கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அது என்டிஎஸ்சி அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பிஏஎல் அமைப்புக்கு மாற்றுவது முதல் வேலை. ஸ்லோமோஷன் ஆசையில் 100 ஃபிரேமுக்கு 1/200 ஷட்டர் வைத்தால் மண்டபத்துக்குள் மினுக்கும். அதை வெயிலில் நடக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது அதிர்வெண் 50லிருந்து கொஞ்சம் நகரலாம். மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரைக்கோ தன் சொந்த வேகம் உண்டு. ஷட்டரை நுண்ணிய படிகளில் மாற்றும் வசதி உள்ள கேமராவில் பட்டை மறையும்வரை திருகிப் பார்ப்பதுதான் வழி. எல்இடி திரையின்மேல் நேராக ஃபோகஸ் விழுந்தால் வலைபோன்ற கோலம் தெரியும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தோ, மணமக்களைத் திரையிலிருந்து சில அடி முன்னே நிறுத்தச் சொல்லியோ தப்பிக்கலாம்.

நிறத்தில் என் கருத்து கறாரானது. அரக்குப் பட்டு அரக்காகவே வர வேண்டும். அந்தச் சேலைக்காக அந்தக் குடும்பம் காஞ்சிபுரம் வரை போயிருக்கும். மேடைக்காரர் நீலமும் மெஜந்தாவுமாக எல்இடி பார் விளக்குகளை முகத்தில் அடித்தால் அந்த நிறத்தை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடியாது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன் விளக்குக்காரரிடம் போய், "அண்ணே, தாலி கட்டு முடியுற வரைக்கும் கலர் லைட்டைப் பின்னாடி சுவத்துக்கு மட்டும் வெச்சுக்குங்க, முகத்துக்கு வெள்ளை மட்டும் போதும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஒயிட் பேலன்ஸைத் தானாக மாற விடாமல் கெல்வின் எண்ணில் பூட்டி, எல்லா கேமராவிலும் ஒரே எண் வையுங்கள்.

நம் தோல் நிறத்தை "பளிச்" ஆக்குவதற்காக வெளிச்சத்தை ஏற்றும் பழக்கம் நம் ஊர் வீடியோக்களில் நெடுங்காலமாக இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாநிற முகம் மாநிறமாக, அதன் பளபளப்போடு வரும்போதுதான் அந்த மனிதர் தெரிகிறார். அதோடு, முகத்தை ஏற்றினால் வெள்ளை வேட்டியும் ஜரிகையும் வெளுத்து நூல் விவரம் போய்விடும். ஸீப்ராவை வேட்டிக்கு வைத்து, வேட்டி வெளுக்காத அளவில் வெளிச்சத்தை நிறுத்துங்கள். முகத்துக்குத் தனியாக ஒரு மென்மையான விளக்குச் சேருங்கள்.

லாக் பதிவு வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேண்டிட் குழுவினர் பத்து நிமிடப் படத்துக்கு எடுக்கட்டும். மூன்று மணி நேர முழு வீடியோ கொடுக்கும் டிரடிஷனல் வேலைக்கு, அதுவும் 8 பிட் கேமராவில், அது தேவையில்லை. அதிகாலை முகூர்த்தத்தின் மங்கிய வெளிச்சத்தில் லாக் எடுத்தால் நிழலெல்லாம் மணல் தூவியதுபோல் ஆகும், மண்டபச் சுவரில் நிறம் பட்டை பட்டையாக உடையும்.

கேமரா

தோளில் வைக்கும் விஎச்எஸ் கேமராவில் தொடங்கி மினிடிவி காலத்தில் பானசோனிக்கின் எம்டி 10000, சோனியின் பிடி 170 வரை நம் ஊர் ஸ்டுடியோக்கள் கண்டது ஒரே வடிவம்தான்: சின்ன சென்சார், நீண்ட ஜூம், எக்ஸ்எல்ஆர் மைக் துளையோ வலுவான மைக்கோ, மணிக்கணக்கில் ஓடும் பேட்டரி. 2008இல் அது மாறியது. அந்த ஆண்டு நிக்கான் டி90 வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆராக வந்தது. கேனான் 5டி மார்க் 2 முழுச் சென்சாரில் ஃபுல் எச்டி தந்தது. பின்னணி கரைந்த அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் பழைய படத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஆனால் அந்த 5டி முதலில் வினாடிக்கு 30 ஃபிரேம் மட்டுமே எடுத்தது. 25 கிடைத்தது 2010 ஃபர்ம்வேருக்குப் பிறகு. ஒரு கிளிப் 4 ஜிபியில், அதாவது சுமார் 12 நிமிடத்தில் நின்றுவிடும். கல்யாணம் நிற்காது.

அதன்பின் வந்த ஸ்டில் கேமராக்களில் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமாக நின்றன. அரை மணி நேரம் தொடர்ந்து எடுக்கும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாக வகைப்படுத்திக் கூடுதல் சுங்கம் விதித்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். இப்போதைய மிரர்லெஸ் பலவற்றில் அந்த வரம்பு இல்லை. ஆனால் கடைக்காரர் காட்டும் இரண்டாம் கை கேமராவில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சூட்டில் அணையும் பிரச்சினை வேறு. 8கே, 4கே 60 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது குளிர்ந்த அறைக்கான பேச்சு. வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மதிய வெயிலில் மொட்டை மாடியில் வைத்து, அட்டை நிரம்பும்வரை ஓட்டிப் பாருங்கள். எடுத்தவுடன் பாராட்டுபவரைவிட அதே கேமராவோடு ஆவணி முதல் வைகாசி வரை ஒரு சுற்று முடித்தவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

நடு மேடைக்கு எதிரே நிற்கும் முதன்மை கேமராவாக நான் இன்னும் கேம்கோடரையே விரும்புகிறேன். பவர் ஜூம், எக்ஸ்எல்ஆர் உள்ளீடு, இரண்டு அட்டையில் ஒரே நேரத்தில் பதிவு, உள்ளேயே என்டி ஃபில்டர் என்று அதற்குரிய வேலைக்காகவே செய்யப்பட்ட கருவி அது. முகங்களுக்கும் கைகளுக்கும் மிரர்லெஸ். எஃப் 1.4 லென்ஸை முழுதாகத் திறந்து கூட்டத்துக்குள் போவது துணிச்சல்தான், ஆனால் குறுக்கே ஒரு தாம்பூலத்தட்டு போனால் ஃபோகஸ் அதைத் தொற்றிக்கொண்டு போய்விடும். 2.8க்கும் 4க்கும் இடையில் நில்லுங்கள். ஹோமப் புகையும் நெய்த்துளியும் படும் லென்ஸுக்கு முன்னால் ஒரு யூவி கண்ணாடி கட்டாயம்.

அட்டைக் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி அட்டை 2 மணி 50 நிமிடம் தாங்கும். இதற்கு நொடிக்கு 30 மெகாபைட் உறுதி தரும் வி30 அட்டையே போதும், வி90க்குப் பணம் கொட்ட வேண்டாம். மூன்று கேமரா எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு டெராபைட்டைத் தாண்டும். இரண்டு பிரதி என்றால் இரண்டு டெராபைட். அந்தச் செலவைக் கொட்டேஷனிலேயே சேருங்கள். புதிய அட்டை எதையும் முழுக் கொள்ளளவுக்கும் ஒருமுறை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகே பையில் போடுங்கள். போலி அட்டை அப்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஹெலிகேம் பற்றி இரண்டே வரி. ட்ரோன் விதிகள் 2021 படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். மண்டபம் இருக்கும் இடம் பச்சை மண்டலமா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பாருங்கள். சான்றிதழ் உள்ள ஒருவரை அழைப்பதே எளிது.

பக்கத்தில் நின்று கற்பது

முதல் ஆண்டு இரண்டாவது கேமராவாகப் போங்கள். சம்பளம் குறைவாக இருக்கும். ஆனால் பொறுப்பு இன்னொருவர் தோளில் இருப்பதால் கவனிக்க நேரம் கிடைக்கும். மூத்தவர் எப்போது கேமராவை ஆன் செய்கிறார் என்பதைவிட எப்போது ஆஃப் செய்யாமல் விடுகிறார் என்று பாருங்கள். சடங்கு முடிந்ததாக எல்லோரும் நினைக்கும் தருணத்தில்தான் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பார்.

கேமராமேனைவிட நல்ல ஆசிரியர் எடிட்டர். எடுத்தவர் மறந்துவிட்டதையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார். வாரம் ஒரு மாலை எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, நீங்கள் எடுத்த ஃபுட்டேஜை வெட்டாமல் ஓடவிடச் சொல்லுங்கள். எந்த ஷாட்டை அவர் ஐந்து நொடிகூட ஓடவிடாமல் தாண்டுகிறார், எங்கே "இதுக்கு முன்னாடி ஒரு வைட் இருக்கா தம்பி?" என்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு அந்தக் குறிப்பு போதும்.

நம் மாவட்டங்களில், பல வட்டங்களிலும்கூட, போட்டோ வீடியோ கலைஞர்கள் சங்கங்கள் இருக்கின்றன. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்துக்குக் கூடுவது மட்டும் அவற்றின் வேலை என்று நினைக்காமல் மாதக் கூட்டத்துக்குப் போங்கள். கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் புதிய கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதைவிட, கூட்டம் முடிந்து டீக்கடையில் நடக்கும் பேச்சு முக்கியம். எந்த மண்டபத்தில் பிளக் பாயிண்ட் தளர்ந்திருக்கிறது, எந்த சர்வீஸ் சென்டர் சொன்ன தேதியில் திருப்பித் தருகிறது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

கேட்கும் முறை ஒன்று உண்டு. "எந்த கேமரா நல்லது?" என்று கேட்டால் எவராலும் உதவ முடியாது, அவரவர் வைத்திருப்பதைச் சொல்வார்கள். "மாதம் நான்கு கல்யாணம், இரண்டு காதுகுத்து எடுக்கிறேன். என்னிடம் இந்த இரண்டு லென்ஸ் இருக்கிறது. ரிசப்ஷன் வெளிச்சத்தில் முகம் புள்ளி அடிக்கிறது. விளக்கு வாங்கட்டுமா, கேமரா மாற்றட்டுமா?" என்று கேளுங்கள், அந்தப் புள்ளியடித்த கிளிப்பையும் காட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு என்றுதான் பதில் வரும், உங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சமாகும்.

வாங்குவதற்கு ஈடாகக் கொடுக்கவும் வேண்டும். பேட்டரி சார்ஜரை மறந்துவிட்டு வந்தவருக்கு உங்களுடையதை நீட்டுங்கள். இன்னொருவர் பெயரில் வேலைக்குப் போன இடத்தில் உங்கள் விசிட்டிங் கார்டை எடுக்காதீர்கள். அந்த வீட்டார் தனியாக அழைத்துக் கேட்டாலும் "அண்ணன்கிட்டயே பேசிக்குங்க" என்று சொல்லுங்கள். அந்த ஃபுட்டேஜை அவர் அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். உங்களிடம் வேலைக்கு வந்தவருக்கு அன்றைய சம்பளத்தை மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் கொடுத்துவிடுங்கள். பார்ட்டி பாக்கி வைத்திருப்பது அவர் கவலை அல்ல.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை. ஒரே வளர்பிறை முகூர்த்தத்தில் ஊரிலுள்ள எல்லா ஸ்டுடியோவுக்கும் வேலை இருக்கும். அன்று உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் போவார்? உங்கள் தரத்தில் எடுக்கும் இரண்டு பேரோடு இப்போதே பேசி, ஒருவருக்கொருவர் ஆள் அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள். கட்டணம், ஃபுட்டேஜ் யாருக்குச் சொந்தம், எத்தனை நாளில் ஹார்ட் டிஸ்க் கைமாற வேண்டும் என்பதை எழுதி வையுங்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாள் இரவே ஒரு தாள் தயாராகட்டும்: மண்டபத்தின் வழி, முகூர்த்த நேரம், புரோகிதர் அல்லது அருமைக்காரர் பெயர், இரு வீட்டிலும் தொடர்புக்கு ஒருவர், கெல்வின் எண், ஷட்டர், பதிவு அமைப்பு, எந்த அட்டை எந்த கேமராவுக்கு, விட்டுவிடக் கூடாத உறவினர்கள் யார் யார். அந்தத் தாளைக் கேமரா பையின் மேல் ஜிப்பில் வைத்து, படம் எடுத்து அந்த இருவருக்கும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போங்கள்.